ஞானஸ்நானம் ஆகாத சாறு

கோர்னி பிரேக்
1974 செப்டம்பர் 15, ஞாயிறு

அன்பு மகள் யான்யாவுக்கு, உன் அப்பா லோவ்ரோ தன் கையாலேயே எழுதும் கடிதம்.

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரிகள் மேடேறிப் பள்ளம் இறங்குகின்றன. ஒரு எழுத்து வாத்து மாதிரி கொழுத்திருக்கிறது, அடுத்தது அதன் குஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது வேண்டும். பேனாவை மண்வெட்டி பிடிப்பது போலப் பிடிக்கிறேனாம், உன் அம்மா சொல்கிறாள். ஆனால் இது என் கைதான். உன் அம்மா பக்கத்தில்கூட இல்லை, வாத்துகளுக்குச் சோளம் போடப் போயிருக்கிறாள். வேண்டுமானால் இந்த வரியை இரண்டு முறை படி. நான் எழுதிவிட்டு மூன்று முறை படித்தேன்.

உனக்கு ஆச்சரியமாக இருக்கும். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதே உனக்குத் தெரியாதே! உன் அம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அறுபத்தாறு வயது வரை மறைத்துவிட்டேன். எங்கே எதை நீட்டினாலும், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. நவம்பரில் புது ஒயின் திறக்கும் மார்ட்டின் திருநாளில் நான் பிஷப் வேஷம் போட்டுக்கொண்டு, பெரிய புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி ஒயின் பீப்பாய்க்கு ஞானஸ்நானம் கொடுப்பேனே, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்குமே, நீயும் நம் பக்கத்து வீட்டு இல்யாவின் வேலியில் உட்கார்ந்து சிரிப்பாயே. முதல் வருடம் அது வேடிக்கை இல்லை மகளே. எது தலை எது கால் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் சிரித்ததால் அடுத்த வருடமும் அப்படியே பிடித்தேன்.

சரி, எழுத்து எப்படி வந்தது என்று சொல்கிறேன். மார்ச் பதினெட்டாம் தேதி வைக்கோல் பரணிலிருந்து விழுந்தேன். தோள்பட்டை எலும்பு உடைந்தது. ஏன் விழுந்தேன் என்று கேட்க மாட்டாய். நகர ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். சொட்டுக் குடி இல்லாமல் மூன்றாம் நாள் சுவர் முழுக்கத் தேனீக்கள் மொய்த்தன. புகை போடுங்கள், புகை போடுங்கள் என்று கத்தினேனாம். நர்ஸ் வந்து, “பெரியவரே, இந்தக் குளிர்ல தேனீ எங்கேர்ந்து வரும்? படுங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் ஸோராவைக் கூட்டி வந்தாள். டாக்டர் ஸோரா உன் வயதுப் பெண். குடியை விட வந்தவர்கள் இருக்கும் மாடிக்கு என்னை மாற்றினாள். அங்கே மூன்று மாதம் இருந்தேன்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவனும் தன் வாழ்க்கையைத் தானே ஒரு நோட்டில் எழுத வேண்டும். முதல் மடக்கை யார் கொடுத்தார்கள், எதற்காகக் குடித்தான், குடி எதையெல்லாம் உடைத்தது, எல்லாம். எழுதியதை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். வீட்டு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் வழக்கம் போல, கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றேன். டாக்டர் மறுநாளே மூன்று கண்ணாடி கொண்டுவந்து வைத்துவிட்டாள். “எது சரியா இருக்கு, போட்டுப் பாருங்க லோவ்ரோ ஐயா.” மூன்றையும் போட்டுப் பார்த்தேன். பிறகு அழுதுவிட்டேன். வேறு யாரையாவது எழுதித் தரச் சொல்லலாமே என்று கேட்டேன். “அவர் எழுதினா அது அவர் கதை ஆயிடுமே” என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் க்ரூனோ. அச்சகத்தில் முப்பது வருடம் எழுத்துக் கோத்தவன். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி வந்தவன். “அடுத்தவன் எழுதினதையே கோத்துக் கோத்துப் போரடிச்சுதுய்யா. ஒருநாள் போதையில மேயர் பொண்ணு கல்யாணச் செய்தியை மரண அறிவிப்புக்குள்ள கோத்துட்டேன். அதோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க” என்பான். அவன்தான் எனக்கு எழுத்துக் கற்றுத் தந்தான். அவன் கையும் நடுங்கும், என் கையும் நடுங்கும். “உன் நடுக்கம் வலப்பக்கம், என் நடுக்கம் இடப்பக்கம். சேர்த்துப் பிடிச்சா கோடு நேரா வரும்” என்று என் கைமேல் கை வைத்து இழுத்தான். வந்தது மகளே. ஏப்ரல் மாதம் என் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு அந்தத் தாளை யாரும் பார்க்காமல் முகர்ந்து பார்த்தேன்.

அங்கே டாக்டர் பாடமும் நடத்துவாள். ஒரு கோப்பை குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் உடம்பில் ஒரு பிரேக் இருக்கிறதாம், எங்கள் உடம்பில் அது தேய்ந்துபோய்விட்டதாம். அது திரும்ப வளராதாம். அதனால் எங்களுக்கு அளவாக என்று ஒன்று இல்லை, இல்லவே இல்லை என்பதுதான் உண்டு. இது வெறும் கெட்ட குணம் இல்லை, நோய். அதற்காகக் குற்றம் இல்லை என்றும் ஆகிவிடாது என்றாள். ஏன் குடித்தேன் என்று யோசித்து யோசித்து நோட்டில் எழுதினேன். செங்கல் சூளையில் தினமும் காலை வேலை தொடங்குமுன் ஒரு கோப்பை பிளம் சாராயம் ஊற்றுவார்கள், அது ஒரு காரணம். இன்னொன்று எனக்கே தெரியாதது, எழுதும்போது தானாக வந்தது. வரி ஆபீஸ் தாளோ, ராணுவத் தாளோ, உன் பள்ளிக்கூடத் தாளோ, எது வந்தாலும் உன் அம்மாவிடம் நீட்ட வெட்கப்பட்டு, அதைப் படிக்க ஆள் தேடிச் சாராயக் கடைக்குப் போவேன். படித்தவனுக்கு ஒன்று வாங்கிக் கொடுப்பேன், எனக்கும் ஒன்று. என் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு காகிதமும் என்னைக் குடிக்க வைத்தது.

இப்போது நாங்கள் குடி விட்டவர்கள் சங்கமாகச் சேர்ந்திருக்கிறோம். வியாழன்தோறும் தீயணைப்பு நிலையத்து மாடியில் கூடுகிறோம். குடும்பத்தோடுதான் வர வேண்டும், அது விதி. உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வருகிறாள். ஒருவர் ஒரு வருடம் முடித்தால் அன்றைக்கு விருந்து, கேக், பாட்டு. எனக்கு ஒரு வருடம் முடிவது வரும் மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் நாள். அன்று என் பக்கத்தில் உனக்கும் பேத்தி சில்வியாவுக்கும் இரண்டு நாற்காலி போடச் சொல்லலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நான்கு வருடமாக நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அதை எழுத என் கை இன்னும் பழகவில்லை. உன்னைக் கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

சில்வியாவுக்கு என் முத்தம். அவளுக்கு இப்போது பல் எல்லாம் முளைத்திருக்கும்.

உன் அப்பா
லோவ்ரோ


கோர்னி பிரேக்
1974 அக்டோபர் 27, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் வழக்கம் போல உன் அம்மாவிடம் நீட்டினார். நான் குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டேன். “பெரியவரே, கண்ணாடி இருக்கா?” என்றார். அவருக்கு எதிரிலேயே கவரில் இருந்ததை வாசித்தேன், ஜெர்மனி, ஸ்டுட்கார்ட் என்பது உட்பட. மனுஷன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பிறகு சமையலறையில் உட்கார்ந்து மதியம் முழுக்க உன் கடிதத்தைப் படித்தேன். அடுப்பில் பீன்ஸ் சூப் தீய்ந்துபோனது. உன் அம்மா திட்டவில்லை.

நீ சில்வியாவோடு மார்ச் பத்தொன்பது வருவதாக எழுதியிருக்கிறாய். கார் சீட் தைக்கும் தொழிற்சாலையில் இப்போதே லீவு சொல்லிவிட்டாயாம். அந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். அதற்குக் கீழே நீ எழுதியதையும் படித்தேன். ‘அப்பா, இதற்கு முன் மூன்று முறை நம்பினேன். நடுவில் ஒரு சொட்டுத் தொட்டிருந்தாலும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ரயிலேற மாட்டேன். வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள என்னால் முடியாது.’ இது நியாயம். நான் உன் இடத்தில் இருந்தால் இன்னும் கடுமையாக எழுதியிருப்பேன்.

படிக்க வந்த ருசியில் தகரப் பெட்டியில் இருந்த உன் பழைய கடிதங்களையும் எடுத்துவிட்டேன். உன் அம்மா அவற்றை எனக்கு வாசித்துக் காட்டும்போது எப்போதும், ‘அப்பாவுக்கு என் அன்பு முத்தங்கள், அவர் முதுகுவலி எப்படி இருக்கிறது’ என்றுதான் முடியும். தாளில் அப்படி ஒரு வரிகூட இல்லை. ‘அந்த ஆள் பேச்சை எழுதாதே அம்மா’ என்றுதான் இருக்கிறது. உன் அம்மாவிடம் நீட்டினேன். அவள் கையில் மாவு. பிசைவதை நிறுத்தாமலே தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு, “நீ படிக்கக் கத்துக்கப் போறேன்னு நான் என்ன கனவா கண்டேன்? கத்துப்பேன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாப் பொய் சொல்லிருப்பேன்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் மாவுக்கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு முகம் வெள்ளையாகி நின்றாள்.

இப்போது அதை எழுத வேண்டும். நான்கு வருடத்துக்கு முன், நீ சில்வியாவைத் தூக்கிக்கொண்டு கோடை விடுமுறைக்கு வந்தாய். பல் முளைக்கிற குழந்தை, விடாமல் அழுதாள். நீயும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். நான் துணியில் சர்க்கரையை முடிந்து, சாராயத்தில் நனைத்து, அவள் ஈறில் வைத்தேன். என் அம்மா எனக்குச் செய்தது, நம் தெருவில் எல்லாரும் எல்லாருக்கும் செய்தது. அழுகை நிற்கவில்லை என்று மறுபடியும் நனைத்தேன். எத்தனை முறை என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஒரு முறை துணிக்கு, ஒரு முறை எனக்கு. நீ வந்து எழுப்பினாய், குழந்தை எழவில்லை. இல்யாவின் டிராக்டரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினாயே, அப்போதும் நான் வாசலில் நின்று, ‘அழுத புள்ளை தூங்குது, இதுக்கு ஏன் ஊரைக் கூட்டறே’ என்று கத்தினேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். நீ திரும்பி வந்து பெட்டியை எடுத்தாய். அன்றைக்கே ரயிலேறிவிட்டாய்.

நான்கு வருடம் உன்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது, தெரியுமா? நல்லதுதானே செய்தேன் என்று. டாக்டர் ஸோரா பாடத்தில் குழந்தைக் கல்லீரல் எவ்வளவு சின்னது என்று தன் கட்டைவிரலைக் காட்டிச் சொன்னாள். அன்று நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஜூனில் என் நோட்டை வாசிக்கும்போது இந்த இடத்தில் குரல் வரவில்லை. உன் அம்மா எழுந்து நோட்டை வாங்கி மீதியை வாசித்தாள். எதையும் விடாமல் வாசித்தாள்.

உடம்பு தேவலை. கால் விரல்களில் உணர்ச்சி இல்லாமல் இருந்தது, இப்போது பெருவிரலில் குளிர் தெரிகிறது. காலையில் உன் அம்மா எனக்கு மாத்திரை தருகிறாள். அதை விழுங்கியவன் குடித்தால் முகம் சிவந்து நெஞ்சு அடித்துக்கொண்டு விழுவான். நான் விழுங்கிவிட்டுத் தபால்பெட்டி மாதிரி வாயைத் திறந்து காட்டுகிறேன், அவள் எட்டிப் பார்க்கிறாள்.

இல்யா வந்திருந்தான். மார்ட்டின் திருநாளுக்கு நான்தான் பிஷப்பாம், வேறு யாருக்கும் அந்த ஜெபம் வாயில் வரவில்லையாம். சரி என்றேன். க்ரூனோவுக்கு இது பிடிக்கவில்லை. “ஒயின் நிலவறைக்கு நீ எதுக்குய்யா போகணும்? பிஷப் இல்லாம திராட்சை புளிக்காதா?” என்கிறான். தொட மாட்டேன், ஆட்டம் மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்து எட்டு மாதம் ஆகப்போகிறது, அதுதான்.

சில்வியாவின் போட்டோ கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூக்கு என் மூக்கு, பாவம்.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்
அப்பா


கோர்னி பிரேக்
1974 நவம்பர் 24, ஞாயிறு

அன்பு மகள் யான்யாவுக்கு,

போன கடிதத்தைவிட இந்தக் கையெழுத்து மோசமாக இருப்பதை நீயே பார்க்கிறாய். காரணம் முதுமை இல்லை. முன்கூட்டியே எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். நான் குடித்துவிட்டேன்.

நடந்தது நடந்தபடி சொல்கிறேன். பதினொன்றாம் தேதி காலை இல்யாவின் நிலவறை. உன் அம்மாவின் வெள்ளைப் படுக்கை விரிப்புதான் அங்கி, தலையில் அட்டைக் கிரீடம். ஊரில் பாதி அங்கே நின்றது. வாத்து வறுவல் மணம் தெரு வரைக்கும். எல்லாரும் தோளில் தட்டுகிறார்கள், பிஷப் வந்துட்டாரு, பிஷப் வந்துட்டாரு என்று. இல்யா பீப்பாயிலிருந்து ஒரு குடுவை பிடித்து நீட்டினான். நான் கையை மறித்து, ஒயின் தொட மாட்டேன் என்று தெரியாதா என்றேன். அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை மகளே, எப்போதும் போல விளையாட்டாகத்தான் கேட்டான்.

“ஒயின் எங்கே இருக்கு லோவ்ரோ அண்ணே? நீங்க இன்னும் ஞானஸ்நானமே குடுக்கலையே! இது வெறும் சாறு. புள்ளைங்க குடிக்கறது.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உனக்குத் தெரியும், நம் ஊரில் மார்ட்டின் நாளில் பிஷப் நீர் தெளிக்கும் வரை பீப்பாயில் இருப்பதை யாரும் ஒயின் என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் அபராதம். நான் அங்கேயே நின்று வக்கீல் மாதிரி யோசித்தேன். சங்கத்துப் புத்தகத்தில் சாராயம், ஒயின், பீர் என்று இருக்கிறது. நானே படித்திருக்கிறேன். சாறு என்று இல்லை. ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியவன் நான், இன்னும் கொடுக்கவில்லை. ஆகவே இது சாறு. ஆறு வாரம் புளித்த சாறு என்று என் மூக்குக்குத் தெரியும். மூக்கை நான் கேட்கவில்லை. ஒரே மூச்சில் குடித்தேன்.

அப்புறம் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். இந்த வருடம் அதை நேராகப் பிடித்தேன். திறந்து பார்த்தால், மாட்டு வைத்தியப் புத்தகம்! இத்தனை வருடமும் நான் பசுவின் கழிச்சலுக்கு மருந்து சொல்லும் பக்கத்தை வைத்துக்கொண்டு ஒயினுக்கு ஜெபம் சொல்லியிருக்கிறேன். அதை உரக்க வாசித்தேன். ‘கன்று எழாவிட்டால் வெதுவெதுப்பான உப்பு நீர் புகட்டவும்.’ நிலவறையே அதிர்ந்தது. இந்த ஊரில் என்னைப் பார்த்து அவ்வளவு சிரித்ததே இல்லை, அதுவும் நான் படித்ததற்கு. அந்த சந்தோஷத்தில் இரண்டாவது குடுவை. அதன் பிறகு ஞானஸ்நானம் ஆனதா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

திங்கள் ராத்திரி இல்யாவின் நிலவறையிலேயே கிடந்தேன். செவ்வாய், புதன் எங்கே எப்படி என்று முழுதாகத் தெரியவில்லை. சாராயத்துக்கும் போனேன். வியாழன் சாயங்காலம் வீட்டில் கண் விழித்தபோது உன் அம்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு தனியாகச் சங்கத்துக்குப் போயிருக்கிறாள். எங்கள் விதி அப்படி, குடித்தவன் வராவிட்டாலும் வீட்டு ஆள் வர வேண்டும். என் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னிக்கு நான் மட்டும்தான்” என்றாளாம். க்ரூனோதான் இதைச் சொன்னான்.

க்ரூனோ அவளோடு கூடவே வந்துவிட்டான். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன பிஷப் ஆண்டவரே, ஞானஸ்நானம் நல்லபடியா முடிஞ்சுதா?” என்றான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அது சாறுதான்டா என்றேன். “சாறுதான். சரி. ஒத்துக்கறேன். நீ மாத்திரை முழுங்கினவனாச்சே, உனக்கு ஏன் நெஞ்சு அடிச்சுக்கலை?”

மகளே, இதைத்தான் எழுத மூன்று நாளாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் தொப்பியின் உள்பட்டையைக் கிழித்துப் பார்த்தால் பதினாறு மாத்திரை இருக்கிறது. நாக்குக்கு அடியில் ஒதுக்கி, வாயைத் திறந்து காட்டி, அப்புறம் அங்கே ஒளித்தேன். முதல் மாத்திரையை ஒளித்தது அக்டோபர் இருபத்தாறு, சனிக்கிழமை. உனக்குத் தபால்பெட்டி என்று வேடிக்கையாக எழுதியது அதற்கு அடுத்த நாள். எழுதும்போது நீ வருகிறாய் என்ற சந்தோஷம் உண்மை. சில்வியாவைப் பற்றி எழுதி அழுததும் உண்மை. தொப்பிக்குள் மாத்திரை இருந்ததும் உண்மை. மூன்றும் ஒரே ஆளிடம் எப்படி இருந்தது என்று நீ கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாறு என்று நான் நிஜமாக நம்பியிருந்தால், இரண்டு வாரம் முன்னதாகவே எதற்காக ஒளித்தேன்?

டாக்டர் ஸோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடிந்துகொள்ளவில்லை. “விழுந்தது நோய் லோவ்ரோ ஐயா, நிறைய பேர் விழறாங்க. ஒளிச்சீங்க பாருங்க, அங்கேர்ந்து பேசலாம்” என்றாள். இல்யா கொடுத்த குடுவையில் குடி தொடங்கவில்லையாம். சரி என்று சொன்ன நாளிலேயே தொடங்கிவிட்டதாம். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்ற ஆசையில் தொடங்கியதாம். கல்லீரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, இறங்கிவிடும் என்றாள். இல்யாவும் வந்தான். வாசலிலேயே தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்று, “எனக்குத் தெரியாதுண்ணே, சத்தியமா சாறுன்னுதான்…” என்று அழுதுவிட்டான். உள்ளே கூப்பிட்டு எலுமிச்சை டீ கொடுத்தோம். உனக்குத் தெரியாதுதான், ஆனால் எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொன்னேன்.

இந்த வியாழன் சங்கத்தில் எழுந்து நின்றேன். சங்கத்து நோட்டில் என் நாட்களை அழித்து மறுபடி ஒன்றிலிருந்து எழுதினார்கள். ஏழு மாதம், இருபத்திரண்டு நாள். அழிரப்பர் தேய்த்த தூளை ஊதிவிட்டார்கள். பிறகு உன் பேச்சு வந்தது. க்ரூனோவின் மனைவி நல்லவள், பாவம் பார்த்துச் சொன்னாள். “எதுக்கு அந்தப் பொண்ணுக்கு எழுதணும்? மார்ச்ல வரட்டும். கேக்கை வெட்டுவோம். புள்ளை மூஞ்சியைத் தாத்தா பாத்துக்கட்டும். இங்கே இருக்கற யாரும் வாயைத் திறக்கப் போறதில்லை.” எனக்கு ஆசை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாற்காலி கண்ணில் தெரிந்தது. ஒன்று சின்னது.

உன் அம்மா எழுந்தாள். அங்கே அவள் எழுந்து பேசியது இதுதான் முதல் தடவை. “நாலு வருஷம் அவ லெட்டர்ல பாதியை நான் முழுங்கினேன். இவருக்கு முத்தம்னு இல்லாததை எல்லாம் வாசிச்சேன். நல்லதுக்குன்னுதான் பண்ணேன். அதுல இவரும் தேறல, அவளும் வரல. இனிமே எங்க வீட்ல யாரும் எதையும் முழுங்க வேண்டாம். மாத்திரையைத் தவிர.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு க்ரூனோ சிரித்தான், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே யான்யா, மார்ச் பத்தொன்பது என் வருடம் நிறைகிற நாள் இல்லை. அது அடுத்த நவம்பர் பதினைந்துக்குப் போய்விட்டது, அதுவும் நான் அங்கே போய்ச் சேர்ந்தால். நீ சொன்ன சொல் சொன்னபடி இருக்கட்டும். லீவை ரத்து செய்துவிடு. ரயிலேறாதே. உன் பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஊரில் யாராவது கேட்டால் என் பெண் சரியாகத்தான் செய்தாள் என்று சொல்வேன்.

ஆனால் ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன், அழித்துவிடலாமா என்று யோசித்து அழிக்காமல் விடுகிறேன். மார்ச் பத்தொன்பது அன்று, நல்லபடியாக இருந்தால், எனக்கு நான்கு மாதமும் கொஞ்ச நாளும் ஆகியிருக்கும். அன்று விருந்து கிடையாது, கேக் கிடையாது, பாட்டு கிடையாது. நான் சமையலறையில் இருப்பேன். ஒரு வருடம் முடித்த அப்பாவைப் பார்க்க வருவதாக எழுதினாய். நான்கு மாத அப்பா ஒருவன் இருக்கிறான், வேறு ஆள் இங்கே இல்லை. அவனைப் பார்க்க வா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. அவன் இருக்கிறான் என்று தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

நீ நன்றாக இரு. உன் கைகள் அந்தத் தையல் இயந்திரத்தில் பத்திரமாக இருக்கட்டும். சில்வியா பயமில்லாமல் தூங்கி, பயமில்லாமல் எழட்டும். ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். நான் கேட்டால் அவர் கேட்பாரா தெரியாது, உன் அம்மாவையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் அம்மா படித்துவிட்டாள். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. நாளைக்குத் தபாலில் போடுகிறாள். நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை. படிக்காமல் வைத்துவிட்டாலும் சரி. நான் அடுத்த ஞாயிறு இதே மேஜையில் உட்கார்ந்து உனக்கு எழுதுவேன்.

உன் அப்பா லோவ்ரோ
இன்று பத்தாம் நாள்